பூஜையில் வைத்த படிகம்

உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு அது. அதன் குழிகளை மூடிய கண்ணாடிச் சில்லு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சொட்டு டி.என்.ஏ கரைசல் தொங்கும். அதில் ஒரு சொட்டுக்குள் மட்டும் கற்கண்டுத் தூள் போலப் படிகங்கள் மின்னின. தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், குளிர் அறையில் அக்கா அதை எனக்குக் காட்டினார். அக்கா என்றால் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி. "மூச்சக் கொஞ்சம் மெதுவா உடு கண்ணு, கலைஞ்சு போயிரும்" என்றார். நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை.

எல்லோருக்கும் தெரிந்த டி.என்.ஏவுக்கு இரண்டு இழை. அக்கா ஆராய்ந்தது நான்கு இழைகள் சேர்ந்து நிற்கும் அபூர்வ வகை. அதைப் படிகமாக வளர்த்து, எக்ஸ்-கதிர் செலுத்தி, விழும் புள்ளிகளைக் கொண்டு அணுக்களின் இடத்தைக் கணக்கிட்டால்தான் முப்பரிமாண வடிவம் தெரியும். படிகம் உருவாகாமலே வருடங்கள் ஓடியிருந்தன. அவருடைய அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: இந்த வருடம் முடிவு வந்தால் படிக்கலாம், வராவிட்டால் தை மாதம் காரமடையில் கல்யாணம். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் படிகத்தை எக்ஸ்-கதிர் கருவியில் ஏற்றுவதாக இருந்தது.

பூஜையன்று பேராசிரியர் அவரவர் தொழில் கருவியைச் சாமி முன் வைக்கச் சொன்னார். நாங்கள் ஸ்பேனரும் கால்குலேட்டரும் வைத்தோம். அக்கா அந்தத் தட்டையே கொண்டுவந்து வைத்தார். ஆரத்தி முடிந்ததும் குளிர் அறைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்பது அவர் எண்ணம். கை நீட்டியபோது பேராசிரியர் தடுத்தார். "பூசைக்கு வச்சத நாளைக்குக் காலைல மறுபூசை பண்ணிப்போட்டுத்தான் எடுக்கோணும் அம்மணி."

அக்காவின் முகம் வெளுத்தது. வெப்பம் பட்டால் படிகம் கரைந்துவிடும் என்று அவருக்குத் தெரியாதா? அந்த மனிதருக்குத்தான் தெரியாதா? ஆனாலும் "சரிங்க சார்" என்றார் அக்கா. எனக்கு இன்றும் கோபம் அடங்கவில்லை.

மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது சொட்டு தெளிந்த தண்ணீராக இருந்தது. மறுபடி குளிரில் வைத்துப் பார்த்தோம், படிகம் திரும்பவில்லை. புதிதாக வளர்க்க டி.என்.ஏ மிச்சமில்லை. வெளியிலிருந்து வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும். பேராசிரியர் "சாமி சித்தம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். தை மாதம் நாங்கள் பஸ் ஏறிப்போய்க் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அந்த வடிவத்தைப் பின்னால் வேறொரு தேசத்தில் கண்டுபிடித்தார்கள். போன மாதம் காரமடை போயிருந்தபோது அதை என் கைப்பேசியில் அக்காவுக்குக் காட்டினேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது. விரலால் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"முடியாதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் கண்ணு. இன்னைக்கு வரைக்கும் அது வாயில வர மாட்டேங்குது."

உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார்.

"வாரேனுங்க" என்று கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.