பினாங்குப் பூனைக்குச் சவரம்

எங்கள் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் தீபாவளியைத் தாண்ட யாருக்கும் அனுமதி கிடையாது. அந்த வருஷம் அதே சட்டம் பூனைக்கும் வந்தது. கோளாறெல்லாம் அந்தக் குளியலில்தான் ஆரம்பித்தது என்று எங்கள் பெரியவர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சொல்வது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

அது நாட்டுப் பூனை இல்லை. முத்துப்பேட்டையில் ஜவுளி வியாபாரம் செய்த பாய் ஒருவர், பெரியப்பாவின் சிநேகிதர், பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்து கொடுத்தது. வெள்ளை நிறம், சப்பை மூக்கு, நடந்தால் தரையைக் கூட்டும் ரோமம். கும்பகோணத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. கூடையிலிருந்து இறக்கும்போதே பாய் பக்குவம் சொன்னார். தினமும் சீப்புப் போட வேண்டும். சிக்கு விழுந்தால் பிடித்து இழுக்கக் கூடாது. கொஞ்சம் மாவைத் தூவி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே சீவிக்கொண்டு போக வேண்டும். சிக்கோடு மட்டும் நனைத்துவிடாதீர்கள், இறுகிப்போகும் என்று இன்னொரு தடவையும் சொன்னார். பெரியம்மா தலையாட்டினாள். வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தலைவாரிவிடும் தனக்கு, முடியைப் பற்றி ஒரு ஜவுளிக்கடைக்காரர் என்ன சொல்லித் தருவது என்பதுதான் அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம்.

முதலில் சீவத்தான் செய்தோம். அப்புறம் குறுவை அறுவடை வந்தது. அறுக்க ஆள் வரவில்லை. நாங்கள் சேரி என்று சொன்ன தெருவில் இருந்தவர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, சிவப்புக் கொடியை நட்டு, வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். நெல்லோடு இன்னொன்றும் கேட்டார்கள். ஊர் நாவிதர் தங்களுக்கும் முடிவெட்ட வேண்டும் என்றார்கள். அதுவரை அவர்களுக்குள்ளேயே யாராவது ஒருவர் மொண்ணைக் கத்தரியால் வெட்டிவிடுவதுதான் வழக்கம். நெல்லைப் பற்றிப் பேசியபோது கோபப்படாத மிராசுதார்கள்கூட முடியைப் பற்றிக் கேட்டதும் எழுந்து நின்றார்களாம்.

கோட்டையில் ஆட்சி மாறியிருந்த காலம். தேர்தல் முடிவு வந்த வாரத்திலேயே பெரியப்பா தோளில் கிடந்த துண்டின் கரையை மாற்றிக்கொண்டார். மேடையில் ஏறினால் சாதி ஒழிய வேண்டும் என்று அருமையாகப் பேசுவார். முன்வரிசையில் உட்கார்ந்து நானே கைதட்டியிருக்கிறேன். மேடையை விட்டு இறங்கிவிட்டால் எங்கள் தெரு ஆரம்பித்துவிடும்.

அந்த அறுவடையில் அவர்கள் தெருவிலிருந்து வேலைக்கு வந்தது ஒரே ஒருவர்தான், எங்கள் பண்ணையாள். கருங்காலி என்று சொந்தத் தெருவே காறித் துப்பியதையும் பொறுத்துக்கொண்டு வந்து, மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டார். அப்பா வயது இருக்கும் அவருக்கு. எட்டு வயதில் நான் அவரை வாடா, போடா என்றுதான் கூப்பிட்டேன். வீட்டில் யாரும் திருத்தவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் அவர் கொல்லைப்புற வாசலில் வந்து நின்றார். அவருடைய மகளுக்கு என் வயதுதான். அவள் தலை முழுக்கப் புண். சீழ் வடிந்து, முடியோடு காய்ந்து, ஒரே சடையாக ஒட்டிப்போயிருந்தது. ஒட்ட மழித்துவிட்டு மருந்து போட்டால்தான் ஆறும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் கத்தரியை வைத்தாலே பிள்ளை துடிக்கிறது, நாவிதரிடம் ஐயா ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊருக்கெல்லாம் வேண்டாம், இந்த ஒரு தலைக்கு மட்டும் என்று கேட்டார். தனக்காக அவர் எங்கள் வீட்டில் எதையும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெரியப்பா பொறுமையாகவே பதில் சொன்னார். "அந்தத் தலையில பட்ட கத்தியத்தானேடா நாளைக்குக் காலையில என் கன்னத்துல வைப்பான்? இன்னைக்கு முடிம்பீங்க, நாளைக்கு நெல்லும்பீங்க, அப்புறம் நிலத்தையே கேப்பீங்க."

அவர் சரிங்க என்று சொல்லிவிட்டு மாட்டைக் குளிப்பாட்டப் போனார்.

தீபாவளி அன்று விடிவதற்குள் பெரியம்மா பூனைக்கு நல்லெண்ணெய் வைத்தாள். அதற்குள் காது மடலுக்குப் பின்னாலும் காலிடுக்கிலும் வயிற்றிலும் சிக்கு விழுந்திருந்தது. எண்ணெய்க்குக் கட்டுப்படாத சிக்கு உண்டா என்று நன்றாக ஊறவைத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, துண்டால் அழுத்தித் துவட்டினாள். காய்ந்த பிறகு பார்த்தால் பூனை இல்லை, பழைய கம்பளி. சீயக்காய்த் தூள் ஒவ்வொரு முடிச்சிலும் புகுந்து கெட்டித்திருந்தது. பாய் சொன்ன மாவு அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. தூவிப் பார்த்தார்கள், விரல் நுழையவே இடம் இல்லை. அம்மா கத்தரியால் ஒரு முடிச்சை வெட்டப் போனாள். முடிச்சைத் தூக்கினால் தோலும் சேர்ந்து எழுந்து வரும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பூனை அலறியது. தோல் கிழிந்து ரத்தம் வந்தது. அதற்கப்புறம் தொட்டாலே அது சீறியது. நடக்கும்போது காலிடுக்கில் சடை இழுத்து நொண்டியது. நான் சாப்பிடாமல் அழுதேன்.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலையில், பெரியப்பா நாவிதருக்கு ஆள் அனுப்பினார். அவர் வழக்கம்போல் பெட்டியோடு வந்தார். சவரம் யாருக்கு என்று தெரிந்ததும் பெரியப்பாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். எசமான் விளையாடவில்லை என்று புரிந்ததும் கொல்லையில் குந்தி உட்கார்ந்து கத்தியைத் தீட்டினார். பூனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே, மாட்டுக்கொட்டகையிலிருந்து பண்ணையாளைக் கூப்பிட்டார்கள். சாக்கில் போட்டு, வேண்டிய பக்கத்தை மட்டும் வெளியே விட்டு அவர் பிடித்துக்கொள்ள, நாவிதர் ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்தபடி சடைக்கு அடியில் கத்தியை மெல்ல மெல்ல நகர்த்தினார். சடை முழுசாகப் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. அடியில் தோல் சிவந்து, அங்கங்கே புண்ணாகியிருந்தது. அதற்கு மஞ்சள் அரைத்துப் போட்டாள் பெரியம்மா. நானும் சித்தப்பா பிள்ளைகளும் சுற்றி நின்று கைதட்டிச் சிரித்தோம். பண்ணையாளின் முன்னங்கை முழுக்க நகக் கீறல், ரத்தம். அதற்கு யாரும் மஞ்சள் போடவில்லை.

வந்ததே வந்தான், எனக்கும் செய்துவிட்டுப் போகட்டும் என்று பெரியப்பா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாவிதர் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்தார். தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்தார். பெரியப்பாவின் கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவிவிட்டுக் கத்தியை வைத்தார். சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்த பண்ணையாள் நிமிர்ந்து பார்த்தார்.

"அதே கத்திதானுங்களே, ஐயா?"

குரல் உயரவே இல்லை. சந்தேகம் கேட்பவரைப் போலத்தான் கேட்டார். நாவிதரின் கை நின்றது. பெரியப்பா கண்ணைத் திறக்கவில்லை. ம், ஆகட்டும் என்று நாவிதரிடம் மட்டும் சொன்னார். கை மறுபடியும் நகர்ந்தது. பண்ணையாள் சாக்கைக் கொட்டகைச் சுவரில் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் நடந்து போனார்.

மறுநாள் காலையில் பால் கறக்க ஆள் இல்லாமல் மாடுகள் கத்தின. சம்பா அறுவடைக்குக் கொடி நட்டபோது அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தின்ற சோற்றை மறந்தவன் என்றாள் பெரியம்மா. வெளியூரான் எவனோ வந்து தூண்டிவிட்டான் என்றார் அப்பா. எனக்கு மட்டும் உண்மைக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். பூனை பட்ட பாட்டை அவரால் பார்க்க முடியவில்லை, இளகிய மனசு, அதனால்தான் போய்விட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். பெரியப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லிச் சிரித்தார்.

அந்த மார்கழியில் ஒருநாள், வாய்க்கால் கரையில் பண்ணையாளின் மகளைப் பார்த்தேன். மொட்டைத் தலை. புண்ணெல்லாம் காய்ந்து, மேலே ஏதோ ஊதா மருந்து பூசியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"எங்க பூனைக்கும் மொட்டைதான் அடிச்சிருக்கு. அதுக்கு இப்பவே முளைக்குது. உனக்கும் வளந்துடும்" என்றேன்.

தன்னை அப்பா பஸ்ஸில் கும்பகோணத்துக்குக் கூட்டிப்போனதாகவும், அங்கே கடையில் நாற்காலியில் உட்காரவைத்து மொட்டை அடித்தார்கள் என்றும், எந்தத் தெரு என்று அங்கே யாருமே கேட்கவில்லை என்றும் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"பூனைய நீங்க எந்த ஊருக்குக் கொண்டு போனீங்க?"

"நாங்க எதுக்கு ஊருக்குப் போவணும்? வீட்டுக்கே வந்து அடிச்சாங்க" என்றேன்.

அவள் திரும்பித் தங்கள் தெருவைப் பார்த்து நடந்தாள். நல்லபடியாக ஆறுதல் சொல்லிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு, நான் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடினேன்.