வாணி விழாவுக்கு வந்த பிரெஞ்சுக் கப்பல்

போன ஞாயிறு மத்தியானம் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் வேலையால் இன்னும் திரும்பி வரவில்லை, மருமகன்தான் இருந்தான். அவனுக்குப் பழைய இசைத்தட்டு வாங்குகிற பைத்தியம். கையிலிருக்கிற போனுக்குள் உலகத்துப் பாட்டெல்லாம் கிடக்க, இந்தக் கறுப்புத் தட்டுகள் எதற்கு என்று கேட்டால், "சவுண்ட் டிபரண்ட் மாமா" என்பான். புதிதாக வாங்கிய ஒன்றை என் மடியில் வைத்தான். அட்டையில் ஒரு பாய்க்கப்பல், அதன் கொடிமரத்தில் கட்டிய பெரிய பலூன். மூக்கருகே கொண்டுபோனேன். பழைய அட்டை மணம்தான் வந்திருக்கவேண்டும். எனக்கு வெங்காயம் மணத்தது.

வெங்காயம் என்றால் பாரிஸ். நிலக்கீழ் அறையில் சமையற்கட்டு உள்ள ஒரு உணவகத்தில் வெங்காயம் உரிப்பதுதான் ஐரோப்பாவில் நான் வகித்த முதல் பதவி. அங்கே தாடிக்கார செஃப் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரே ஒரு கசெட், இதே தட்டின் பாட்டுகள். அவர் வாலிபத்தில் கேட்ட பிரெஞ்சு இசைக்குழுவொன்று, பழைய வீரசாகச நாவல்களையெல்லாம் சேர்த்துச் செய்த தொகுப்பு. கடலடியில் போவார்கள், பலூனில் பறப்பார்கள், ஆளில்லாத் தீவில் ஒதுங்குவார்கள். இந்த வகைக்குப் புரோகிரசிவ் ராக் என்று பெயராம். மருமகன் சொல்லித்தான் இப்போது தெரியும். நான் சினிமாப் பாட்டில் வளர்ந்தவன். எங்கள் கதாநாயகன் இரண்டு வெங்காயம் உரிக்கிற நேரத்தில் பாடி, ஆடி, சட்டையும் மாற்றிவிடுவார். இங்கே ஒரு சாக்கு வெங்காயம் முடியும், பாட்டு முடியாது. இடையிடையே தடித்த குரலில் ஒருவர் கப்பல் கப்டனாகப் பேசுவார். அந்தப் பேச்சு மட்டும் எனக்குப் பிடித்துப்போனது.

மகள் மயூரி பிறந்தபோது சொந்தக்காரர் சங்கிலி கொண்டுவந்தார்கள், செஃப் அந்தப் பாட்டுகளை ஒரு கசெட்டில் பதிந்துகொண்டு வந்தார். பிள்ளை அதைக் கேட்டுத்தான் நித்திரை கொள்ளும். பள்ளிக்கூடம் போகும் வயதில் கப்டனின் பேச்சு முழுக்க அவளுக்குப் பாடம்.

அப்போதுதான் லண்டன் காய்ச்சல் வந்தது. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கையில் கிடைத்தவர்களெல்லாம் மூட்டை கட்டினார்கள். பிள்ளைகள் இங்கிலிஸ் படிக்கவேணும், அவ்வளவுதான் காரணம். நாங்களும் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடைக்கு மேலே வீடு பிடித்தோம். பிள்ளை பள்ளிக்கூடம் போனாள், வாயை மூடினாள். இங்கிலிஸ் வரவில்லை என்றால் பரவாயில்லை. கொஞ்ச நாளில் வீட்டிலும் பேச்சு நின்றுவிட்டது. பிரெஞ்சும் இல்லை, தமிழும் இல்லை, தலையாட்டல் மட்டும். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்குக் காது கேட்குமா என்று விசாரித்தார். எனக்கிருந்த இங்கிலிஸில் "யெஸ், யெஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வசம்பு உரைத்து நாக்கில் தடவினோம். வெஸ்ட் ஈலிங் கோயிலில் நேர்த்தி வைத்தோம். ஒருநாள் மனைவி சோறு போட்டபடியே சொன்னாள்: "இஞ்சாருங்கோ, நாங்கள் திரும்பிப் போவம். எனக்கு இங்கிலிஸ் வேண்டாம். என்ர பிள்ளை கதைச்சால் காணும்."

"தை பிறக்கட்டும். அதுக்குள்ள கதைக்காட்டில் போவம்," என்றேன். செஃப்பிடம் பழைய வேலையைக் கேட்டும் வைத்தேன்.

அதற்கிடையில் வாணி விழா வந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அது பெரிய காரியம், தெரியும்தானே. வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபம், சரஸ்வதி படம், அவல், கடலை. பாட வருகிறதோ இல்லையோ, ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறவேண்டும். "ஒரு தேவாரம் பாடட்டும். ஏலாட்டில் கும்பிட்டுட்டு இறங்கட்டும்," என்றார் பள்ளிக்கூட அதிபர். பின்னணிக்குச் சுருதி பதிந்த கசெட் என் வான் வண்டியில் மற்றக் கசெட்டுகளோடு கிடந்தது. கசெட்டில் பெயர் எழுதுகிற பழக்கம் எங்கள் சனத்துக்குக் கிடையாது. எங்களுக்குத் தெரியும்தானே என்ற எண்ணம். எடுத்துக் கொடுத்தேன்.

பட்டுப்பாவாடையோடு மயூரி மேடையில் நிற்கிறாள். சுருதி வரவேண்டிய இடத்தில் இடி இடித்தது. பிறகு அலை. பிறகு ஓர்கன் வாத்தியம். சபை வாயைப் பிளந்தது. எனக்கு எந்தக் கதிரைக்கு அடியில் புகுவதென்று தெரியவில்லை. கப்டன் பேசத் தொடங்க, அதிபர் ரேப் ரெக்கோர்டரை நிறுத்த ஓடினார். அப்போதுதான் கப்டனின் குரலுக்கு மேலே ஒரு மெல்லிய குரல் கேட்டது. என் மகள் கையை உயர்த்தி, பிரெஞ்சில் கட்டளையிடுகிறாள்: பாய்களை இறக்குங்கள், பயந்தவர்கள் கீழே போங்கள், மற்றவர்கள் என்னோடு நில்லுங்கள்.

அதிபரின் முகத்தைப் பார்த்துக்கூட அதுவரை கதைத்திராத என் மனைவி, பாய்ந்து போய் அவருடைய கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ சேர். பிள்ளை கதைக்குது."

மனிசன் விட்டுவிட்டார். பின்வரிசையில் எங்களைப்போலவே பாரிசிலிருந்து வந்த கூட்டமொன்று இருந்தது. "உய், மொன் காப்பித்தேன்!" என்று எல்லோரும் சேர்ந்து பதில் கொடுத்தார்கள். ஆகட்டும் கப்டன் என்று அர்த்தம். அவள் சிரித்தாள். நான் அழுதேன். அவல் சாப்பிடுகிற நேரம் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு, கப்பலுக்குப் பிறகு என்ன நடந்தது என்று இங்கிலிஸில் கேட்டார்கள். பாதி இங்கிலிஸ், பாதி கைவிரல் என்று அவளும் சொன்னாள்.

நாங்கள் திரும்பிப் போகவில்லை. அதற்குப் பிறகு, வாயை மூடு பிள்ளை என்று நாங்கள்தான் கெஞ்சவேண்டியிருந்தது.

இதையெல்லாம் மருமகனுக்குச் சொல்லி முடிக்கவும் மகள் வரவும் சரியாக இருந்தது. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது, கப்டன் பேசிக்கொண்டிருந்தார். கோட்டைக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"நைஸ் வொய்ஸ். என்ன சொல்லுறார் அப்பா?"

பகிடி விடுகிறாளாக்கும் என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மண்டபம் நினைவிருக்கிறதாம், பாவாடை உடம்பில் கடித்தது நினைவிருக்கிறதாம். பிரெஞ்சுச் சொல் ஒன்றும் நினைவில் இல்லையாம். அந்த நாளில் பாரிசில், பேக்கரியில் பாண் வாங்க நான் வாய் திறந்தால் போதும், ஒரு சின்னப் பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பிடி இல்லை அப்பா" என்று என் பிரெஞ்சைத் திருத்துவாள். சரியாகச் சொல்லும்வரை விடமாட்டாள்.

"பாயை இறக்கட்டாம். பயந்த ஆக்கள் கீழ போகட்டாம்," என்றேன். பிறகு அதையே என் சமையற்கட்டுப் பிரெஞ்சில், வேண்டுமென்றே ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். கட்டாயம் பிழை இருந்திருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் திருத்தவில்லை.