சாக்குக்கு அடியில் இரண்டு டயர்கள்

ஹாலிஎலவிலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையோரம் சிவசக்தியின் கராஜ். டர்போ கார் ஏதும் ஏற்றம் ஏறி வந்து நின்றால் உடனே இன்ஜினை நிறுத்த விடமாட்டார்.

"கொஞ்சம் மூச்சு வாங்கட்டுங்க."

இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ அப்போது கொதித்துக்கொண்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் உள்ளே நின்றுபோகும் எண்ணெய் கருகி, நாளாவட்டத்தில் பேரிங்கைத் தின்றுவிடும். பக்கத்துக் கடை அலவி நானா இதைப் பார்த்துச் சிரிப்பார். "இவர்ட கராஜில காருக்குத்தான் மொதல் டீ. மனுசனுக்குப் பொறகுதான்."

சிவசக்தி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் விசிறிகளுக்குப் பெல்ட் மாட்டியும், தோட்டத்து லொறிக்கு அடியில் படுத்தும் வேலை கற்றவர். முதன்முதலாக ஒரு டர்போவைப் பிரித்தபோது, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே பலகையில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டார். இன்றைக்கும் அப்படித்தான். அதனால்தான் ஆஸ்பத்திரி டொக்டர் தனேஸ்வரன், நாலு சக்கரமும் இழுக்கிற தன் நீல டர்போ காரை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

அந்தக் கார்தான் மாரி மழை முடிந்த கையோடு வந்து சேர்ந்தது. வளைவுகளில் யாரோ பிரேக்கை மிதிப்பதுபோல் வெட்டி வெட்டி நின்றது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பின்னால் எடுத்தபோது டயர்கள் தரையைப் பிராண்டின. கருகிய கியர் எண்ணெய் வாசம்.

"நடு டிஃபரன்ஷல் போயிருச்சுங்க டொக்டர்," என்றார். முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது அதற்கு இடம் கொடுக்கிற உறுப்பு அது. இறுகிவிட்டது.

இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டொக்டர் வெளியில் நின்று கதவை அறைந்தார். "சுபாஸ்தான்! போன கிழமை கூட்டாளியளோட அப்புத்தளைக்குக் கொண்டுபோனவன். முறிச்சுப்போட்டான். அப்பிடித்தானே?"

சுபாஸ், டொக்டரின் மனைவி கேசினி டீச்சரின் தம்பி. பதுளையில் வேலை கிடைத்ததால் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தவன்.

"அப்படியும் இருக்கலாங்க," என்றார் சிவசக்தி. இன்னும் ஒன்றையும் அளந்து பார்க்கவில்லை. கேட்டவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, கொடுத்தார்.

மறுநாள் மாலை சுபாஸ் தனியாக வந்தான். வருகிறவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், மூலையில் சாக்குப் போட்டு மூடிய மேட்டில் உட்கார்ந்தான்.

"அண்ணை, உண்மையா நான்தான் உடைச்சனோ? வளைவில கொஞ்சம் இழுத்து ஓடினனான்தான்."

"விடுங்க தம்பி. காருதானே."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். "அக்கா என்னோட கதைக்கிறா இல்ல. நான் பண்டாரவளையில அறை பாத்திட்டன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேறொரு காரில் கழற்றிய டிஃபரன்ஷல் கிடைத்து, சிவசக்தி அதைப் பூட்டி முடித்த அன்று, அவர் மனைவி நல்லம்மா கராஜைக் கூட்டினாள். மூலையில் கிடந்த சாக்கைத் தூக்கி உதறினாள்.

"என்னாங்க, ரெண்டு புது டயர் கெடக்கு. 'டொக்டர்'னு சோக்கட்டியில எழுதியிருக்கு?"

சிவசக்தி வந்து டயர்களின் அருகே குந்தினார்.

மாரி தொடங்கும்போது கேசினி டீச்சர் காரைக் கொண்டுவந்திருந்தார். டொக்டர் அப்போது யாழ்ப்பாணத்தில். முன் டயர்கள் வழுக்கை. அந்த அளவில் இரண்டுதான் கிடைத்தன. மலைப்பாதை வேன்களுக்கெல்லாம் மழைக்கு முந்தி முன்னால் புதுசு போட்டு, பின்னால் பழசை விட்டுவிடுவது வழக்கம். கை அதே வழக்கத்தில் போனது. இந்த மாதிரிக் காருக்கு அது ஆகாது என்று அவருக்குத் தெரியும். மற்ற இரண்டும் வந்ததும் கூப்பிடுகிறேன் என்றார். வந்தன. பெயரை எழுதினார், நனையாமல் மூடினார். பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதன்மேல் உட்கார்ந்தார்கள்.

இப்போது டயரில் சோக்கட்டியால் கோடு போட்டு, காரை ஒரு சுற்று உருட்டி, தரையில் அளந்தார். பின் சக்கரத்தின் சுற்று முன் சக்கரத்தைவிட இரண்டு விரல் அகலம் குறைவு. அப்படியென்றால் மாரி முழுக்க, நேர்ப்பாதையில் போகும்போதுகூட, முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து அந்த உறுப்பைச் சூடாக்கியிருக்கின்றன. அப்புத்தளைப் பயணம் கடைசி ஒரு நாள் மட்டும்தான்.

"அந்தப் புள்ள இது மேல உக்காந்துதானே அழுத மாதிரி பேசிட்டுப் போச்சு," என்றாள் நல்லம்மா.

"வாய மூடு."

"நான் மூடுறேன். நீங்க தொறங்க."

இரண்டு டயர்களையும் பின்னால் பூட்டினார். மறுபடி அளந்தார், வித்தியாசம் நூலளவு. இனிக் கார் ஓடும். யாரும் கேட்கப் போவதில்லை. அந்த எண்ணம் வந்ததும், கையில் இருந்த ஸ்பேனரைப் பலகையில் அதற்குப் போட்டிருந்த கோட்டுக்குள் வைக்காமல் எங்கோ வைத்துவிட்டுத் தேடினார்.

காலையில் காரை எடுக்கக் கேசினி டீச்சர் வந்தார். சிவசக்தி ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"பின் டயர் ரெண்டும் புதுசு மாதிரிக் கிடக்கு?"

"டீச்சர், இது மாரியிலயே போட வேண்டிய டயருங்க. நான் மறந்துட்டேன். அதனாலதான் டிஃபரன்ஷல் போச்சு. தம்பி ஓட்டினதால இல்லைங்க."

டீச்சர் பின் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அண்டைக்கு இவர் கேக்க நீங்கள் ஓமெண்டு சொன்னீங்களாமே?"

"சொன்னேங்க."

டீச்சர் தம்பிக்கு அழைத்தார். அவன் எடுத்ததும் போனைச் சிவசக்தியிடம் நீட்டினார்.

"தம்பி, நான் சிவசக்தி பேசுறேன். தப்பு என்னோடது. நீங்க உக்காந்திருந்த சாக்குக்கு அடியில..." முழுவதும் சொன்னார்.

"நான் வந்து கேட்டனான் எல்லோ அண்ணை," என்றான் சுபாஸ். "கேட்டனான் எல்லோ."

சுபாஸ் இப்போது ஞாயிறுகளில் அக்கா வீட்டுக்கு வருகிறான். டொக்டரும் காரைச் சிவசக்தியிடம்தான் கொண்டுவருகிறார். ஆனால் கிளம்பும் முன் சோக்கட்டியை வாங்கி, நாலு டயரையும் தானே அளக்கிறார். சிவசக்தி அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார். போன தடவை சுபாசும் வந்திருந்தான். "நீ ஓடன்," என்று டொக்டர் சாவியை நீட்டினார்.

"வேண்டாம் அத்தான்," என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.