கிளடிஸின் பின்பாதி

கிளடிஸ் பேசாலை என்ற கடலோர ஊரில் பிறந்தவர். எண்பத்தேழில் கணவர் சீமோனோடும் மகன் மாக்கஸோடும் ரொறன்ரோ வந்தார். சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் உயர்மாடி வீடு. பல்கலைக்கழக ஒலிக்கூடமொன்றில் பழைய ஒலிநாடாக்களைக் கசற்றுக்கு மாற்றும் வேலை கிடைத்தது. அவற்றில் பல ஆபிரிக்காவின் தெற்கே, வறண்ட நிலத்தில் பதிந்த கொய்சான் மொழிகள். நாக்கை அண்ணத்தில் ஒட்டி இழுத்துவிட்டால் எழும் சொடக்கொலிதான் அவற்றில் பாதி எழுத்து. ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்தும் அவர் நாக்கு சும்மா இராது. கறி கொதிக்கும்போதும் சொடக்குப் போடும்.

"உந்தச் சனத்தில சில பேரின்ர பாசையில ஒருமை பன்மை மட்டுமில்லையாம். ரெண்டு பேருக்கெண்டு தனிய ஒண்டு இருக்காம்."

"மூண்டாவது ஆள் வந்தா?" என்றார் சீமோன்.

"அப்ப பன்மை."

"அப்ப மாக்கஸ் பிறந்து எங்கட இலக்கணத்தைக் குழப்பிப்போட்டான்."

மாக்கஸ் தொலைபேசி நிறுவன வேலைக்காகப் பக்கத்து நகரான மிசிசாகா போனபின் வீட்டில் மறுபடி இருவரே. மாலையில் செபமாலை சொல்வார்கள். ஒவ்வொரு செபத்திலும் முதற்பாதி சீமோனுக்கு, பின்பாதி கிளடிஸுக்கு.

தொண்ணூற்றாறில் கிளடிஸுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சு கழுத்துத் துளைவழியே போய்வந்தது. குரல் இல்லை. சீமோன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாதியையும் தாமே சொல்லத் தொடங்கினார். கிளடிஸுக்கு உதவுவதாகத்தான் நினைத்தார்.

சொடக்கொலிக்கு நுரையீரல் காற்று வேண்டாம். நாக்கும் அண்ணமும் போதும். கிளடிஸுக்கு அது தெரியும். சீமோனுக்குத் தெரியாது. ஒரு மாலை அவர் முதற்பாதியை முடித்ததும் "ச்சு" என்று கேட்டது. செபமாலையின் அடுத்த மணியிலும் கேட்டது.

"மாதாவோட கோவமெண்டா மனசுக்குள்ள வைச்சிரும். செபத்துக்கு நடுவில உச்சுக்கொட்டாதையும்."

மறுநாளும் அதே சத்தம். ஏசுவதற்காகக் கண்ணைத் திறந்தார். கிளடிஸின் உதடுகள் பின்பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தன, ஓசையில்லாமல். வரி முடியுமிடத்தில் நாக்கு சொடக்கியது.



"நான் உம்மட பங்கையும் சேர்த்து எடுத்துப்போட்டன், என்ன?"

கிளடிஸ் தலையசைத்தார்.

அதன்பின் சீமோன் முதற்பாதியோடு நிறுத்தினார். கிளடிஸ் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். "கொம்மா என்னை விட வேகமாச் சொல்லுறா. எனக்கு மூச்சு வாங்குது," என்று மாக்கஸிடம் தொலைபேசியில் குறைப்பட்டார்.

தொண்ணூற்றெட்டு மாசியில் கிளடிஸ் இறந்தார். உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபம் நிறைந்திருந்தது. பெட்டியருகே நின்று சீமோன் முதற்பாதியைச் சொன்னார். சனம் முழுவதும் ஒரே குரலில் பின்பாதியை எடுத்தது. அவர் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்கோ. அது அவவின்ர பங்கு."

முன்வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு றோஸ்மேரி மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, அவவுக்காகத்தானே சொல்லுறம்."

"ஓம். விளங்குது."

மறுபடி தொடங்கினார். முதற்பாதி முடிந்தது. இம்முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை. சீமோன் கிளடிஸின் உதட்டைப் பார்த்தபடி நின்றார். யாரோ இருமினார்கள். அவர் பார்வையை எடுக்கவில்லை.

மாக்கஸ் அப்பாவின் கையிலிருந்த செபமாலையை வாங்கினான். முதற்பாதியை அவன் சொன்னான். சனம் பதில் சொன்னது. செபமாலையில் இரண்டு மூன்று மணிகள் நகர்ந்தபின் சீமோனும் மற்றவர்களோடு சேர்ந்து பின்பாதியைச் சொன்னார்.