பத்து மணி அப்பாயின்ட்மென்ட்

தண்ணீர் குடித்ததற்கு யாரிடமாவது திட்டு வாங்கியிருக்கிறீர்களா? நான் வாங்கினேன். ஒரே ஆளிடம், இரண்டு முறை. முதல் முறை, பாட்டிலில் வாய் வைக்காமல் குடித்ததற்கு. இரண்டாம் முறை... வாய் வைத்துக் குடித்ததற்கு!

என்ன மனிதர் இவர் என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டனில் வேன் ஓட்டுகிறேன். கார் ஓட்ட முடியாத நோயாளிகளை வீட்டிலிருந்து கிளினிக்குக்கு அழைத்துப் போய், திரும்பக் கொண்டுவந்து விடும் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு, அதுவும் நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுகிறவனுக்கு, இதைவிட நல்ல வேலை ஏது? ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அப்படி ஒருநாள் வந்து ஏறியவர்தான் வால்டர். பெயரை மாற்றியிருக்கிறேன். "உங்களைப் பற்றி எழுதலாமா?" என்று கேட்டபோது சிரித்தார். "தாராளமா எழுது. தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க எங்க சர்ச்சுல யாரும் இல்ல. இருந்தாலும் பேரை மாத்திடு."

கறுப்பினத்தவர். அறுபதை நெருங்குகிறவர். முன்பு சிட்டி பஸ் ஓட்டியவர் என்பதால் என் டிரைவிங்கைப் பற்றி ஓயாத விமர்சனம். "அந்த பிரேக் உன்னை என்ன பண்ணுச்சு? மெதுவா மிதிப்பா!" அவர் பேசுவது இங்கிலீஷ்தான். என் காதில் விழுவது இப்படித்தான்.

அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. முதல் நாளே அவராகவே சொல்லிவிட்டார். "பயமா இருந்தா இப்பவே சொல்லிடு. வேற வேன் கூப்பிட்டுக்கறேன்." நான் தலையை ஆட்டி மறுத்தேன். என் மனைவி முதியோர் இல்லத்தில் நர்ஸ். தொட்டால், பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தால் ஒட்டிக்கொள்ளாது என்று எனக்கு எப்போதோ பாடம் எடுத்துவிட்டாள்.

1996-லிருந்து, இந்த இரண்டு மூன்று வருடங்களில், எச்.ஐ.வி.க்குப் புது மாத்திரைகள் வந்திருக்கின்றன. படுத்த படுக்கையாகக் கிடந்த வால்டரை எழுப்பி உட்கார வைத்தவை அவைதான். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் குமட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். அவருக்கோ கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னம் வீங்கி, மெல்லவே முடியவில்லை. பல்லைப் பிடுங்கினால்தான் சாப்பாடு. சாப்பிட்டால்தான் மாத்திரை. மாத்திரை இருந்தால்தான் உயிர்.

ஒரு பல்லைப் பிடுங்க என்ன கஷ்டம்? முதலில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டுமே!

பல் கிளினிக்கில் அவர் நோயைச் சொன்னதும், அன்றைய கடைசி நேரத்தைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் எல்லாம் போன பிறகு வரவேண்டுமாம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கையுறை மாட்டிய உதவியாளர், வலி எங்கே என்று கேட்பதற்கு முன் அவரிடம் கேட்ட கேள்வி, "போதை ஊசி போட்டுக்கறது உண்டா?" வலிக்கு மாத்திரை கேட்டால் ஒரு சந்தேகப் பார்வை. சாயங்காலம் வரை காத்திருந்தால், "டாக்டர் கிளம்பிட்டார், அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரமும் அதே பதில்.

அவருடைய நண்பர் ஒருவர், வெள்ளைக்காரர், அதே கிருமி உள்ளவர். அதே கிளினிக்குக்குக் காலை பத்து மணிக்குப் போனார். பல்லைச் சரிசெய்துகொண்டு, வலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"கிருமி ஒண்ணுதான் பிரதர். தோல்தான் வேற."

நம் ஊர் டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனி கிளாஸ் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இங்கே தனி கிளாஸ் கிடையாது. தனி நேரம்!

சரி, தண்ணீருக்கு வருகிறேன். இரண்டாவது தடவையும் ஏமாந்து திரும்பிய அன்று நல்ல புழுக்கம். வேனில் ஏ.சி. மக்கர். பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தினேன். அவர் ஒரு ஐஸ் வாட்டர் பாட்டில் வாங்கினார். கொஞ்சம் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் வாங்கி, எப்போதும்போல அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அங்க ரெண்டு ஜோடி கையுறை போடறாங்க. நீ அரையடி தள்ளியே பிடிச்சுட்டியா?"

"இந்தியன்... ஸ்டைல்" என்று முனகினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை என் பிரேக்கைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை.

வீட்டில் சொன்னேன்.

"ஏங்க, நாங்க எல்லாருமே இப்படித்தான் குடிப்போம்னு எக்ஸ்ப்ளெயின் பண்ண வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

"ஆமா, நீங்க வாயத் திறக்கறதே தண்ணி ஊத்திக்கத்தான்! சொல்ல வரலேன்னா கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

காட்டினேன். அடுத்த முறை அவரை ஹில்க்ராஃப்ட் ரோட்டில் நம் ஆட்கள் டிபன் சாப்பிடும் ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். அவருக்கு இட்லி. மெல்ல வேண்டியதில்லையே! பக்கத்து மேஜையில், கழுத்தில் ஆபீஸ் பேட்ஜ் தொங்க, நாலு சாஃப்ட்வேர் பையன்கள். ஒருவன் டம்ளரைத் தூக்கினான். அண்ணாந்தான். ஊற்றினான். பிறகு அடுத்தவன். பிறகு அவனுக்கும் அடுத்தவன்...

வால்டர் கையில் இட்லியோடு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டம்ளருக்கு விளிம்பு எதுக்குன்னு உங்க ஊர்ல யாரும் சொல்லித் தரலையா?"

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். வேனில் ஏறியதும் அவருடைய பாட்டிலைக் கேட்டு வாங்கி, நட்புக்கு அடையாளமாக, வாய் வைத்துக் குடித்தேன். பழக்கமில்லாததால் புரையேறிவிட்டது.

"உன் பெண்டாட்டி பாட்டில்ல இப்படிக் குடிப்பியா?" என்றார்.

"நோ."

"உன் முதலாளி பாட்டில்ல?"

"நோ, நோ!"

"அப்ப எனக்கு மட்டும் எதுக்கு? அன்னிக்கு நீ குடிச்சது என்னால இல்ல. இன்னிக்குக் குடிச்சியே, அதுதான் என்னால. எல்லார்கிட்டயும் எப்படியோ, அப்படியே எங்கிட்டயும் இரு!"

இதுதான் இரண்டாவது திட்டு.

சரிதானே? தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடச் சொல்லி அவர் யாரைக் கேட்டார்? வரிசையில் ஒரு இடம் கேட்டார். அவ்வளவுதான்.

அவர் என்ன நினைத்தாரோ, "வேனைத் திருப்பு" என்றார். "கிளினிக்குக்குப் போ."

நேராக ரிசப்ஷனுக்குப் போனார். ஹால் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். "என் ஃப்ரெண்டுக்குக் காலைல பத்து மணி கொடுத்தீங்க. அவருக்கு இருக்கிற அதே எச்.ஐ.வி.தான் எனக்கும் இருக்கு. எனக்கும் பத்து மணி வேணும்."

"காலைல எல்லாம் ஃபுல் சார்" என்றது ரிசப்ஷன் பெண்.

"பரவாயில்லம்மா. காலியாகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்."

உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக நான் வேனில்தான் காத்திருப்பேன். அன்று உள்ளே போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில், நடு ஹாலில்! எனக்குப் பேசத்தான் வராது. உட்கார வரும்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் அம்மாள் வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார். ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை. காலை பத்து."

போன செவ்வாய்க்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார் வால்டர். பத்தாயிற்று. பத்தேகாலாயிற்று. பத்தரையும் ஆயிற்று. "டாக்டர் கொஞ்சம் லேட்" என்றது ரிசப்ஷன். மடியில் குழந்தையோடு இருந்த ஓர் அம்மா உச்சுக் கொட்டினார். வால்டர் அதைவிடப் பலமாக உச்சுக் கொட்டினார்.

"பத்து மணின்னா பத்து மணிக்குக் கூப்பிட வேணாமா?"

"அதானே!" என்றார் அந்த அம்மா.

எல்லாருக்கும் லேட். அத்தனை ஆனந்தமாக ஒருவர் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பிறகு பெயரைக் கூப்பிட்டார்கள். பல் போயிற்று. வலி மாத்திரைக்குச் சீட்டும் கொடுத்தார்கள். இனி சாப்பாடு இறங்கும், மாத்திரையும் தங்கும்.

வாயில் பஞ்சோடு வேனில் ஏறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ரொம்ப மோசமான சர்வீஸ்!"

முகமெல்லாம் சிரிப்பு.