கோலப்பொடிக் கோடுகள் நேராகத்தான் இருக்கின்றன

கண்ணாத்தாள் மேடம் இன்று விடியற்காலையில் தவறிவிட்டார். நாட்டரசன்கோட்டையில், தம்பி வீட்டில். தூக்கத்திலேயே...

இங்கே பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. இன்ஜினியரிங் காலேஜில் சிவில் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவர். பூகம்பம் வந்தால் ரீட்டெய்னிங் வால் என்கிற தடுப்புச் சுவரும், அது தாங்கி நிற்கிற மண்ணும் என்ன ஆகும் என்பதுதான் ஆராய்ச்சி.

முதலில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவார். பிறகு கண்ணாடிப் பெட்டியில் மணல் நிரப்பி, சின்னதாக ஒரு சுவர் வைத்து, மோட்டாரில் ஆட்டிப் பார்ப்பார்.

காரைக்குடியில் மணல், ஜல்லி விற்கிற எனக்கு முதலில் அவர் ஒரு தலைவலி கஸ்டமர். கொடுத்த மணலை அள்ளிப் பார்த்துவிட்டு மூட்டையைத் திருப்பி அனுப்பினார்.

“என்ன முதலாளி, பாதி தூசியா இருக்கு? ஒரே பருமனா, காஞ்சதா குடுங்க. ஆட்டிப் பாக்கணும்.”

“நம்ம ஊரு எங்க மேடம் ஆடப்போகுது?”

“ஆடாதுன்னு மண்ணு ஒங்களுக்கு எழுதிக் குடுத்துருக்கோ?”

ரிட்டயர் ஆனதும் பெட்டியை வைக்க இடமில்லை. என் குடோனில் ஒரு மூலை கேட்டார். சும்மா கொடுக்கிற ஆள் இல்லை நான். என் கஸ்டமர்கள் கட்டும் சுவர் பிளானையெல்லாம் பார்த்துத் தரணும் என்றேன். “யாவாரி புத்தி போகுமா” என்று சிரித்தார். கடைசி வரை பார்த்தும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மனைவி போன பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. பிள்ளைகள் வெளிநாட்டில். குடோனுக்குப் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

மேடம் சல்லடையை ஒரே உயரத்தில் பிடித்து மணலை மழை மாதிரி பெய்யவிடுவார். நாலு விரல் மணல், கண்ணாடி ஓரமாக ஒரு கோடு சிவப்புக் கோலப்பொடி. மறுபடி மணல், மறுபடி கோடு... ஆட்டியதும் சுவர் சாயும், மண் சரியும். கோடு எந்த இடத்தில் உடைகிறது என்று பார்த்து, கணக்கு சரியா தப்பா என்பார். தப்பென்றால் முகத்தில் இன்னும் களை வந்துவிடும்.

“இதெல்லாம் யாரு மேடம் பாக்குறாக?”

“நீங்க பாக்குறீகல்ல.”

ஆட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் லாரி வந்தால் போச்சு. அதிர்வில் மணல் இறுகிவிடும். ஒருமுறை ஜல்லி லாரி ரிவர்ஸ் எடுத்து ஒரு நாள் வேலை பாழ். எனக்கு ஏச்சு, டிரைவருக்கு டீ! அன்றிலிருந்து பெட்டி நிரம்பியிருந்தால் பின்வாசலில் லோடு இறக்குவதில்லை.

நேற்று மாலையில்தான் பெட்டியை நிரப்பிவிட்டுப் போனார்.

“இந்தத் தடவை சுவரு நிக்கும்னு கணக்கு சொல்லுது. ஞாயித்துக்கிழமை ஆட்டிருவோம். வந்துருவீகல்ல?”

“நான் எங்குட்டு மேடம் போகப்போறேன்...”

தகனம் முடிந்து நேராகக் குடோனுக்குத்தான் வந்தேன். மோட்டார் சுவிட்ச் எங்கே என்று எனக்குத் தெரியும். போடவில்லை.

வாசலில் லோடு வந்து நிற்கிறது. டிரைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“முதலாளி... இனிமே பின்வாசல்ல இறக்கலாமா?”

“முன்னாடியே இறக்குப்பா.”

போய் வாங்க மேடம். கோடெல்லாம் நேராகத்தான் இருக்கு.