ஜார்ஜியாவில் நான் வெட்டிய பதினான்கு கொடிகள்

போன வருடம் ஏப்ரல் கடைசியில் ஆறு வாரம் ஜார்ஜியா போய்வந்தேன். திராட்சைத் தோட்டத்தில் தினம் ஐந்து மணி நேரம் உழைத்தால் சாப்பாடும் படுக்கையும் தருகிற இளைஞர் தன்னார்வலர் திட்டம். விவசாயப் படிப்பு முடித்து வீட்டில் இருந்த எனக்கு அதைப் பார்த்ததும் கை பரபரத்தது. சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவள் நான். கற்றுக்கொள்ளப் போகவில்லை, கற்றுக்கொடுக்கத்தான் போனேன்!

காலை 5.40 பஸ். கம்பம், தேனி என்று மாறி மதுரை விமான நிலையம் சேர நான்கு மணி நேரம், சுமார் 125 கி.மீ. கண்டக்டர் என் பெட்டியைப் பார்த்து, "எங்கன ஆத்தா போறீக, இம்புட்டுப் பெரிய பெட்டியோட?" என்றார். ஜார்ஜியா என்றேன். "அது கோட்டயத்துக்கு அங்கிட்டா?" என்றார். ஆமாம், கொஞ்சம் அங்கிட்டுதான்.

துபாய் வழியாக ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசி. விமானம் போக வர 46,000 ரூபாய். அங்கிருந்து தோட்டம் இருக்கும் தெலாவிக்கு மினி வேனில் இரண்டு மணி நேரம், அந்த நாட்டுப் பணத்தில் 15 லாரி, நம் கணக்கில் 480 ரூபாய் சொச்சம். மலைப்பாதைதான், ஆனால் குமுளி மலை ஏறிப் பழகியவர்களுக்கு ஒன்றும் செய்யாது.

என்னைத் தங்கவைத்தவர் நீனோ அக்கா, ஐம்பது வயதிருக்கும். அவருக்கும் கணவருக்கும் ஒன்றரை ஏக்கர் தோட்டம்தான் பிழைப்பு. மூன்றாம் நாள் இருவரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். ஒவ்வொரு கொடியிலும் ஒரு நீளக் கிளையைக் கம்பியில் கட்டியிருந்தார்கள், அதில் விரல் நீளத் துளிர்கள். இப்படி நீட்டிவிட்டால் எங்கள் ஊரில் சோம்பேறித் தோட்டம் என்பார்கள். எங்கள் பக்கம் எந்த மாதமும் யாராவது கவாத்து செய்துகொண்டுதான் இருப்பார்கள். வெட்டினால் துளிர்க்கும், நான்கு மாதத்தில் பழம். கத்தரியை எடுத்தேன். பதினான்கு கொடிகளில் அந்த நீளக் கிளையை ஒட்ட வெட்டி, படமெடுத்து மதினிக்கு அனுப்பினேன். அண்ணன் வீட்டில் பந்தலைப் பார்த்துக்கொள்வது மதினிதான். உடனே போன் வந்தது.

"அங்கன வருசத்துக்கு எத்தன காய்ப்பு?"

"தெரியல மதினி."

"பனி பெய்யுற ஊருன்னு சொன்ன. நெனச்ச நேரமெல்லாம் காய்க்குமா? வீட்டுக்காரகளக் கேட்டியா?"

"இல்ல."

"நம்ம பந்தல்ல ஒருத்தி கேக்காம கத்தரி வச்சா நீ சும்மா விடுவியா? அவுக வந்ததும் நீயே சொல்லிரு."

போனிலேயே தேடிப் பார்த்தேன். அங்கே வருடத்துக்கு ஒரே காய்ப்பு. நான் வெட்டியது இந்த வருடப் பழத்துக்கென்று விட்டுவைத்த கிளை. பக்கத்து வீட்டு ஆடு கடித்தது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆனாலும் அவர்கள் வந்து இறங்கியதும் கூட்டிப்போய்க் காட்டினேன். நீனோ அக்கா ஒவ்வொரு கொடியாகத் தொட்டுப் பார்த்தார். "இந்த வருடம் இதில் இல்லை" என்றார், அரைகுறை ஆங்கிலத்தில். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாளைக்கு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பெட்டியைக் கட்டிவைத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நீனோ அக்கா கதவைத் தட்டி ஒரு கயிற்றுக் கட்டைக் கையில் கொடுத்தார். "கட்டு. வெட்டாதே." மீதி ஐந்து வாரமும் கொடி கட்டினேன், கேள்வி கேட்டேன். கடைசியில் என் கேள்விகளுக்குப் பயந்தே அந்த அக்கா வேறு வரிசைக்கு ஓடினார்.

போக நினைப்பவர்களுக்கு: மே மாதமும் அங்கே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். கத்தரி கொண்டுபோனால் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையாக இருந்தால், முதல் வாரம் அதைத் தொடாதீர்கள்.

செப்டம்பரில் நீனோ அக்கா அறுவடைப் படம் அனுப்பினார். மற்ற வரிசைகளில் பழம் தொங்குகிறது. என் பதினான்கில் பெயருக்கு இரண்டு குலை. அந்தப் பயணம் என்னை வளர்த்ததா என்று பலர் கேட்கிறார்கள். வளர்த்தது, சந்தேகமே இல்லை. இன்று எந்தத் தோட்டத்திலும் போய் "எனக்குத் தெரியாது, சொல்லுங்கள்" என்று கூசாமல் கேட்பேன். பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். பட்டது நீனோ அக்கா. புத்தி வந்தது எனக்கு.